இரண்டு கிலோ நூறு

அவர் கடைக்குள் நுழையும்போது மீன் வாடையும் கூடவே நுழையும். கடலூர் முதுநகரிலிருந்து பஸ் பிடித்துச் சிதம்பரம் வருகிறவர். தோளில் மஞ்சள் பை. பைக்குள் நாலு ஸ்குரூ டிரைவர், ஒரு மல்ட்டிமீட்டர், அப்புறம் கொக்கி வைத்த ஒரு சின்ன எலக்ட்ரானிக் தராசு. கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணுகிறவருக்குத் தராசு எதற்கு என்று பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். அது அவருடைய அம்மாவின் தராசு. அந்தம்மா முதுநகரில் மீன் விற்கிறவர். புதுத் தராசு ஒன்று வாங்கிக்கொண்டு பழையதை மகனுக்குக் கொடுத்துவிட்டார்.

எங்கள் கடை மேல வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. என் வீட்டுக்காரர் கல்யாணங்களுக்கு வீடியோ எடுப்பார். நான் உட்கார்ந்து எடிட் செய்வேன். இவர் என் வீட்டுக்காரருக்குச் சிநேகிதர். இரண்டு பேரும் ஒருவரையொருவர் மச்சான் என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். அதனால் எனக்கு இவர் தம்பி, இவருக்கு நான் அக்கா. உண்மையில் என்னைவிட ஒரு வயது மூத்தவர் என்று பிறகு தெரிந்தது. அதற்குள் அக்கா பழகிப்போய்விட்டது.

கம்ப்யூட்டர் வாங்க நினைக்கிறவர்கள் எல்லோரும் ஒரே வரிசையில்தான் யோசிப்பார்கள். முதலில் பிராசஸர். அடுத்து கிராபிக்ஸ் கார்டு. அடுத்து பக்கவாட்டில் கண்ணாடி வைத்து உள்ளே கலர் கலராக விளக்கு எரிகிற கேபினட். எல்லாம் முடிந்து மிச்சம் மீதியில் ஒரு எஸ்.எம்.பி.எஸ். சுவரிலிருந்து வருகிற கரண்டை வாங்கி, உள்ளே இருக்கிற ஒவ்வொன்றுக்கும் தேவையான அளவில் பிரித்துக் கொடுக்கிற இரும்பு டப்பா அது. பெட்டியின் மூலையில் கிடக்கும். அதைப் பார்த்து யாரும் ஆசைப்பட்டதில்லை.

இவருக்கு எல்லாம் தலைகீழ். “மொதல்ல எஸ்.எம்.பி.எஸ். முடிவு பண்ணுங்க. மத்தத அப்பறம் பேசிக்கலாம்” என்பார். முடிவு பண்ணுவதென்றால் அந்த டப்பாவைத் தராசில் தொங்கவிடுவது. எஸ்.எம்.பி.எஸ்ஸின் விசிறிமேல் வட்ட வட்டமாகக் கம்பி வலை இருக்குமே, அதில் மீன் தராசின் கொக்கி அளவெடுத்தாற்போல் மாட்டிக்கொள்ளும். கையை உயர்த்திப் பிடித்து, எண் நிற்கிற வரைக்கும் மூச்சுகூட விடாமல் பார்ப்பார்.

ஒரு தடவை கல்லூரிப் பையன் ஒருவன் எங்கள் கடையில் இவரைப் பிடித்துக்கொண்டான். கேம் விளையாட மெஷின் வேண்டும்.

“அண்ணே, கேபினட்டோடயே எஸ்.எம்.பி.எஸ். ஃப்ரீயா வருதுண்ணே. அதையே போட்ரலாம்ல?”

“அது ஃப்ரீ இல்லப்பா. ஒன் மதர்போர்டுக்கு வெக்கிற கொள்ளி.”

சொல்லிவிட்டு அதைத் தராசில் மாட்டினார். எழுநூறு கிராம் காட்டியது. “மேல அறநூறு வாட்ஸுன்னு ஒட்டி வெச்சிருக்கான் பாரு. எழுநூறு கிராம் கோழி இதவிட ஜாஸ்தி வேல செய்யும்.”

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. இந்த விஷயத்தில் அவருக்குச் சிரிப்பு வராது. “உள்ள செம்பு இருக்கணும், அலுமினியம் இருக்கணும், நல்ல கெபாசிட்டர் இருக்கணும். எல்லாத்துக்கும் எட உண்டு. இல்லாத பொருளுக்கு எட வராதுக்கா” என்றார்.

எடையோடு விடவும் மாட்டார். புத்தம் புது டப்பாவின் நாலு திருகாணியையும் கழற்றி மூடியைத் திறந்து உள்ளே பார்ப்பார். ஒரு திருகாணிமேல் சீல் ஒட்டியிருக்கும். கிழித்தால் வாரண்டி கிடையாது என்று அதிலேயே எழுதியிருக்கும். நகத்தால் அதைச் சுரண்டி எடுக்கும்போது வாங்கினவர்கள் பதறிப்போவார்கள். “வாரண்டி போனா போவுது. மெஷின் எரிஞ்சா அவனா வந்து அணைக்கப்போறான்?” என்பார். இதற்காகவே அவரிடம் திரும்பி வராமல் போனவர்கள் உண்டு. எனக்கும் இதில் அவரோடு ஒத்துப்போகாது. நான் மிக்ஸி வாங்கின பில்லைக்கூடப் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைக்கிற ஆள்.

எங்கள் எடிட்டிங் மெஷினுக்கு அவர் எஸ்.எம்.பி.எஸ். தேடினதே ஒரு கதை. என் வீட்டுக்காரர் பெரிய கிராபிக்ஸ் கார்டு, இரண்டு மானிட்டர் என்று கனவு கண்டுகொண்டிருக்க, இவர் புதுச்சேரிக்கும் கடலூருக்குமாக நடந்து நாலு டப்பாக்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஐந்தாவதைக் கொண்டுவந்தார். காலி மேசையில் அதை மட்டும் வைத்துவிட்டு, “மெஷின் வந்தாச்சு மச்சான். இனிமே மத்த பார்ட்ஸு வாங்கிக்க” என்றார்.

“இவன் பொண்ணு பாக்கப் போனாகூட தூக்கிப் புடிச்சி எட பாப்பான் போலருக்கு” என்றார் என் வீட்டுக்காரர். அந்தக் குரல் இப்போதும் காதில் இருக்கிறது என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. வார்த்தைகள் இருக்கின்றன. குரல் இல்லை. இந்தக் கதையே அதுதான்.

அந்த மெஷின் வந்த சந்தோஷத்தில் நாங்கள் மூன்று பேரும் முதுநகர் மார்க்கெட்டுக்குப் போனோம். அவருடைய அம்மாவிடம் மீன் வாங்கினோம். நான் தராசையே பார்த்துக்கொண்டு நின்றதை அந்தம்மா கவனித்துவிட்டார். “இன்னாம்மா தராச மொறைச்சினு நிக்கிற? எட யாரு வேணா காட்டுவான். வயித்துக்குள்ள ஐஸ அடைச்சி வித்தா எட ஏறாதா? மொதல்ல செவுளத் தூக்கிப் பாரு. அப்பறம் வயித்த அமுக்கிப் பாரு. கடைசிலதான் தராசு.” மகன் பக்கத்தில் நின்று சிரித்தார். “நான் டப்பாவத் தொறந்து பாக்கறது எங்கேருந்து வந்துச்சின்னு தெரிஞ்சிதாக்கா?” என்றார்.

அதன் பிறகு நாலு வருஷம். வடலூர் தாண்டி என் வீட்டுக்காரர் பைக்கில் வரும்போது ஒரு லாரி. அதற்கு மேல் அதைப்பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

காரியமெல்லாம் முடிந்து, பாக்கியிருந்த கல்யாண வேலைகளை முடித்துக் கொடுப்பதற்காக மெஷினை ஆன் செய்தேன். எடிட் செய்யாத வீடியோ ஒன்றை ஓடவிட்டேன். மணப்பெண் தலை குனிந்திருக்கிறாள். கேமராவுக்குப் பின்னாலிருந்து, “நிமிந்து பாரும்மா. சிரிச்சா கொறைஞ்சா போயிடுவ?” என்று அவர் சொல்கிறார். நான் நிறுத்தி, பின்னால் இழுத்து, திரும்ப ஓடவிட்டேன்.

ஊரில் அத்தனை பேரையும் படம் எடுத்தவர், அவரை யாரும் எடுக்கவில்லை. அவருடைய போன் அவரோடேயே நொறுங்கிப்போயிற்று. வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புகிற பழக்கமும் கிடையாது. ‘சரி’ என்று இரண்டெழுத்து வரும். ஆனால் இந்த மெஷினுக்குள், நூற்றுக்கணக்கான கல்யாணங்களில், கேமராவுக்குப் பின்னால் நின்று அவர் பேசிக்கொண்டே இருந்தார். “மாமா, தாலிய மறைக்காதீங்க, கொஞ்சம் நவுருங்க.” “யாருப்பா அது குறுக்கால?” “சாப்ட்டாச்சா பெரியம்மா? கேமராவப் பாத்து சொல்லுங்க.” வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்த காப்பிகளில் இதெல்லாம் கிடையாது. அவர் குரல் வருகிற இடமெல்லாம் வெட்டி, அதன்மேல் நாதஸ்வரத்தையும் பாட்டையும் போட்டவள் நான். அதுதானே என் வேலை. ‘உங்க தொணதொணப்ப வெட்டறதுக்கே எனக்குப் பாதி நாள் போவுது’ என்று அவரிடம் சண்டைகூடப் போட்டிருக்கிறேன்.

தம்பி வந்தபோது ஒரு துண்டைப் போட்டுக் காட்டினேன். முழுக்கக் கேட்டார். எழுந்து போனார். மறுநாள் இன்னொரு ஹார்ட் டிஸ்க்கோடு வந்து, அதே மெஷினுக்குள் மாட்டி, எல்லாவற்றையும் அதில் இன்னொரு பிரதி எடுத்தார். “ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கும்க்கா. மச்சான் பத்திரமா இருப்பான்.” இரண்டு டிஸ்க்குகளும் ஒரே டப்பாவிலிருந்துதான் கரண்ட் வாங்கின. அதை அவரும் யோசிக்கவில்லை. எடுத்து வெளியே வைக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

மற்றவர்கள் எடுத்துக்கொண்டு வருகிற கல்யாணங்களை எடிட் செய்து கொடுத்துக் கடையை ஓட்டினேன். தினமும் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் எடுத்த ஒரு கல்யாணம் கேட்பேன். அப்படித்தான் இரண்டு வருஷம் ஓடியது.

பிறகு எஸ்.எம்.பி.எஸ்ஸின் விசிறி கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்தது. போன் செய்தேன். வந்து காதை வைத்துக் கேட்டவர், “இது பாவம், நல்லா ஒழைச்சிருக்கு. ரிட்டயர் பண்ணிடலாம்” என்றார். வழக்கமாக வாங்குகிற கடையில் சரக்கு இல்லையாம். வேறொரு கடையில் தேடி அடுத்த வாரம் புதுசு ஒன்று கொண்டுவந்தார். பெரிய கம்பெனிப் பெயர், பளபளப்பான பெட்டி. என் எதிரிலேயே தராசில் மாட்டினார். இரண்டு கிலோ நூறு.

அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். “ரெண்டு நூறுக்கா! இந்த வாட்ஸுக்கு இம்மாம் எட நான் பாத்ததே இல்ல. மச்சானுக்குன்னு வந்து மாட்டிருக்கு பாருங்க.” கொக்கியிலிருந்து இறக்கி, ஸ்குரூ டிரைவரை எடுத்தார். நகத்தைச் சீல்மேல் வைத்தார்.

“எதுக்கு தம்பி அத கிழிக்கிறீங்க? அஞ்சு வருசம் வாரண்டி போட்டிருக்கான். அதான் எட நல்லாருக்குன்றீங்களே” என்றேன்.

அன்றைக்கு ஒரு ஆல்பம் அவசரம். பெண் வீட்டார் காலையிலிருந்து மூன்று தடவை போன் செய்துவிட்டார்கள். இந்த மனுஷன் டப்பாவைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்தால் அரை நாள் போய்விடும் என்ற எரிச்சல் எனக்கு. அது குரலில் இருந்திருக்கும். அவர் என்னைப் பார்த்தார், தராசைப் பார்த்தார். நகத்தை எடுத்துவிட்டார்.

“சரிக்கா. ஒங்களுக்காக வுட்டுட்றேன். எடதான் பேசுதே” என்றார்.

வாரண்டி கார்டை வாங்கிப் பிளாஸ்டிக் கவரில் போட்டேன். இப்போதும் அது அங்கேதான் இருக்கிறது.

நாற்பது நாள் ஓடியது. ஒரு மத்தியானம் பெரிய வீடியோ ஒன்றை மெஷின் தயார் செய்துகொண்டிருந்தது. விசிறியெல்லாம் வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. டப்பென்று பட்டாசு மாதிரி ஒரு சத்தம். மூலையிலிருந்து புகை. நான் பிளக்கைப் பிடுங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மூன்று மணிக்குப் போன் செய்தேன். அஞ்சு மணிக்கு வந்து நின்றார். வேறொரு எஸ்.எம்.பி.எஸ்ஸை வைத்துப் பார்த்தார். மதர்போர்டில் உயிர் இல்லை. டிஸ்க்குகளைக் கழற்றித் தன்னுடைய லேப்டாப்பில் மாட்டிப் பார்த்தார். ஒன்று சுற்றவே இல்லை. இரண்டாவதும் சுற்றவில்லை. அதைக் காதில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். அப்புறம்தான் எரிந்த டப்பாவை எடுத்துச் சீலைக் கிழித்து மூடியைத் திறந்தார்.

உள்ளே பாதி இடம் காலி. கட்டைவிரல் அளவு ஒரு டிரான்ஸ்பார்மர், நாலைந்து கெபாசிட்டர், நூல் மாதிரி ஒயர்கள். அடியில் துணி சோப்பு அளவுக்கு ஒரு இரும்புக் கட்டி, பசை போட்டு ஒட்டியிருந்தது. அந்தக் கம்பெனி செய்ததே இல்லை அது. எவனோ பெயரை ஒட்டி விற்றிருக்கிறான். எடை பார்க்கிறவனுக்காகவே கட்டியை வைத்திருக்கிறான்.

அவர் அந்தக் கட்டியைப் பிய்த்து எடுத்துத் தராசில் மாட்டப் பார்த்தார். கொக்கி மாட்டுவதற்கு அதில் இடமில்லை. இரண்டு தடவை முயன்றுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

“ஏமாந்துட்டேன்க்கா. மீன்காரி புள்ள, எடையப் பாத்து ஏமாந்துட்டேன். மச்சான நானே கொன்னுட்டேன்.”

‘நீங்கதானேக்கா தொறக்க வேணாம்னு சொன்னீங்க’ என்று அடுத்து சொல்வார் என்று காத்திருந்தேன். சொன்னால் ஆமாம் என்று சொல்லத் தயாராகத்தான் இருந்தேன். சொல்லவில்லை. மறந்துவிட்டாரா, இல்லை சொல்லக் கூடாது என்று இருந்தாரா, தெரியாது. நானும் சொல்லவில்லை. நாள் ஆக ஆக அதைச் சொல்வது கஷ்டமாகிக்கொண்டே போனது.

டிஸ்க்குகளைத் தூக்கிக்கொண்டு சென்னைக்குப் போனார், பெங்களூருக்குப் போனார். கெட்டுப்போன டிஸ்க்கிலிருந்து மீட்டுக் கொடுக்கிறவர்கள் வெளியே இருக்கிற போர்டை மாற்றியும் பார்த்தார்களாம், உள்ளேயும் எரிந்திருக்கிறதாம். திரும்பி வந்து துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தார். அதோடு கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணுவதை விட்டுவிட்டார். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார்.

லீவு நாட்களில் வேறொரு வேலை ஆரம்பித்தார். எங்கள் ஆர்டர் நோட்டை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, என் வீட்டுக்காரர் வீடியோ எடுத்த கல்யாண வீடுகளுக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் போனார். பண்ருட்டி, வடலூர், குறிஞ்சிப்பாடி, புவனகிரி. “ஒங்க கல்யாண வீடியோ ஒருதரம் பாக்கணும்” என்று முன்பின் தெரியாத வீட்டு வாசலில் போய் நின்றால் என்ன நினைப்பார்கள்? சில இடத்தில் விரட்டியிருக்கிறார்கள். சில இடத்தில் கல்யாணமே முறிந்துபோயிருந்தது. கொடுத்த வீடுகளில் ஹாலில் உட்கார்ந்து முழு வீடியோவையும் கேட்பார், இரண்டு பாட்டுக்கு நடுவில் எங்கேயாவது நான் வெட்ட மறந்த ஒரு வார்த்தை இருக்காதா என்று. இருக்காது. நான் ஒழுங்காக வேலை செய்கிறவள்.

“வேணாம் தம்பி, வுட்டுடுங்க” என்று எத்தனையோ தடவை சொன்னேன். “நோட்டுல இன்னும் பாதி இருக்குக்கா” என்பார். கன்னம் ஒட்டிப்போய்விட்டது. முகத்தைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருந்தது, கொஞ்சம் வெறுப்பாகவும் இருந்தது. என் பாவத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைகிறவரை வேறு எப்படிப் பார்ப்பது?

ஒருநாள் பெண்டிரைவ் ஒன்றோடு வந்தார். இரண்டு கிலோ நூறைப் பார்த்த அதே முகம். “கெடைச்சிட்டான்க்கா” என்றார். ஒரு நிச்சயதார்த்த வீடியோ. பாட்டு முடிந்து அடுத்தது ஆரம்பிப்பதற்கு முன்னால், பின்னாலிருந்து ஒரு ஆண் குரல்: “கொஞ்சம் இப்பிடி திரும்பும்மா.” அவ்வளவுதான்.

கேட்டேன். திரும்பக் கேட்டேன். மூன்றாவது தடவையும் கேட்டேன். அது அவர் குரல் இல்லை. அந்த வீட்டு மனுஷர் யாரோ. ஆனால் அதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று தடவை தேவைப்பட்டது. பதினோரு வருஷம் குடும்பம் நடத்தியவள். அந்த ஆத்திரம் தலைக்கு ஏறிவிட்டது.

“இது அவரு கொரலா? இத்தினி வருசம் பழகிட்டு மச்சான் கொரலு தெரியலியா ஒங்களுக்கு? எடுத்துனு போங்க” என்றேன்.

அவர் பெண்டிரைவை மெதுவாகப் பிடுங்கினார். மஞ்சள் பையில் போட்டுக்கொண்டார். ஆர்டர் நோட்டை மேசைமேல் வைத்தார். “மன்னிச்சிடுங்கக்கா” என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார். அதற்கப்புறம் வரவில்லை. போனும் எடுக்கவில்லை.

ஆமாம் தம்பி, அவருதான் என்று சொல்லியிருக்கலாம். ஒரு மனுஷன் அதோடு வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பான். எனக்கு அதில் நஷ்டம் என்ன?

எட்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போன வாரம் கடலூர் பஸ் ஏறினேன். சீலைக் கிழிக்க வேண்டாமென்று தடுத்தது நான்தான் என்ற ஒரு வாக்கியத்தை அவரிடம், இல்லாவிட்டால் அவருடைய அம்மாவிடமாவது சொல்லிவிட வேண்டும். ஆலப்பாக்கம் வரைக்கும் அதை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

மார்க்கெட்டில் அந்தம்மா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டு பக்கத்தில் பலகையைத் தள்ளிப் போட்டார். எதிரில் அந்தப் பழைய தராசு.

“அவன் இங்க இல்லம்மா. கேரளாவுல மீன் புடிக்கிற போட்டு வேலைக்குப் பூட்டான். கடல் வேலையே வேணாம்னு படிக்க வெச்சேன். எப்பயாச்சும் போன் பண்ணுவான், நான் பண்ணா எடுக்க மாட்டான். வூட்ட வுட்டுக் கெளம்பறப்ப அந்த தராச எம் மடில வெச்சிட்டு அழுதான். இன்னான்னு கேட்டா சொல்லல.” மீனைத் திருப்பி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “வாயத் தொறந்தா அக்கா அக்கான்னு ஒன்னப் பத்திதான் பேசுவான். ஒனக்கு எதுனா தெரியுமா? நீ எதுனா சொன்னியா அவன?”

“இல்லம்மா. நான் ஒண்ணும் சொல்லலியே” என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். எனக்காக ஒரு வஞ்சிரத்தை எடுத்தார். வழக்கம்போல் செவுளுக்குள் விரலை விட்டுத் தூக்கி, “பாத்துக்கம்மா, அப்பறம் கொற சொல்லாத” என்று என் பக்கம் நீட்டினார்.

“பாக்க வேணாம்மா. எடையப் போடுங்க” என்றேன்.